பரம்பரைக் கொழுப்பு: எந்த மாற்றம் கெடுதல்?

ராகிக் களியும் கீரையுமாக வளர்ந்த, ஒல்லியான பென்னாகரத்து இளைஞருக்கும் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 250 இருக்கலாம். ஏன்? கல்லீரல் செல்களின் மேல், ரத்தத்தில் வரும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று உண்டு. அதற்கான எல்.டி.எல்.ஆர். மரபணு 19-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் கொழுப்பு ரத்தத்திலேயே தேங்கும். இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தலைவலி அதற்குப் பிறகுதான். அந்த மரபணுவில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் பதிவாகியுள்ளன. எல்லாமே கெடுதல் செய்வதில்லை. 2015-இல் அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் வகுத்த முறை, ‘நோய் தருவது’ முதல் ‘தீங்கற்றது’ வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. நடுப்படி ‘நிச்சயமில்லை’, நோயாளியைக் குழப்புவது இதுதான். எந்தப் படி என்று முடிவு செய்யச் சில கேள்விகள் உண்டு. மாற்றம் புரதத்தைப் பாதியில் நிறுத்துகிறதா? ஆய்வகச் செல்லில் எல்.டி.எல். உறிஞ்சுவது குறைகிறதா? குடும்பத்தில் கொழுப்பு ஏறியவர்களிடம் மட்டும் காணப்படுகிறதா? ஊரில் பலரிடம் சகஜமாக இருந்தால் அதன்மேல் சந்தேகம் விலகும். ஆனால் ஒப்பிடும் தரவு பெரும்பாலும் ஐரோப்பியருடையது. சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும்.

தருமபுரிப் பக்கம் தாய்மாமன், அத்தை மகன் கல்யாணம் புதிதல்ல. அப்படி உறவுக்குள் மணந்த கணவன் மனைவி இருவரிடமும் ஒரே பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரட்டைப் பழுது வர 25 சதவீத வாய்ப்பு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முழங்கையில் மஞ்சள் கட்டிகள் எழும். பள்ளி வயதிலேயே மாரடைப்பும் வரலாம். உங்கள் வீட்டில் ஐம்பது வயதுக்குள் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகளுக்கும் ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை செய்துவிடுங்கள்.