மேனேஜர் என்று எழுதிவிட்டால் ஓ.டி. போய்விடுமா?

கோவை நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பஞ்சிங் கார்டும் மஸ்டர் ரோலும் ஓ.டி. ரிஜிஸ்டரும்தான் என் பிழைப்பு. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59-வது பிரிவு எங்களுக்கு மனப்பாடம்: நாளில் 9 மணி நேரமோ வாரத்தில் 48 மணி நேரமோ தாண்டினால் கூலி இரட்டிப்பு. ஆள் வராத ஷிப்டில் கூடுதலாக நின்று மிஷின் பார்த்தவருக்கு 'டபுள்' போட்டுக் கொடுக்கும்போது எனக்கும் ஒரு நிறைவு இருந்தது.

என் தங்கை மகள் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். அவள் பார்க்கும் வேலைக்கு அமெரிக்க வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கில் பில் போகிறது. "எனக்கு ஓ.டி. கிடையாதாமுங்க மாமா. அசிஸ்டென்ட் மேனேஜர்னு போட்டுட்டாங்க" என்றாள்.

"உனக்குக் கீழ எத்தன பேரு அம்முணி?"

"ஒருத்தருமில்லீங்க."

"யாருக்காச்சும் லீவு குடுக்கிற அதிகாரம்?"

"என் லீவுக்கே நான் கேட்டு வாங்கோணும்."

ஐ.டி. அலுவலகங்களுக்குப் பொருந்துவது 1947-ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓ.டி.யோடு சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு 4-வது பிரிவு விலக்குத் தருகிறது. பட்டம் படித்தவர், 'புரொபஷனல்' என்பதற்காக அதில் விலக்கு இல்லை. அரசு தனி உத்தரவால் விலக்கு அளிக்கலாம். அப்படி ஒன்று இருப்பதாக நிறுவனம் சொன்னால், அந்த உத்தரவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

யார் நிர்வாகி? தொழில் தகராறு சட்டத்தின் கீழ் கரோனா சாகு காலணிக் கடை மேலாளர் ஒருவரின் வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பதவியின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது, முதன்மையாக என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடைப் பொறுப்பு முழுக்க அவர் கையில் இருந்ததால் அந்த மேலாளர் தோற்றார். அதே அளவுகோலை என் மருமகளுக்கு வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. நிர்வாகிகளுக்கும் படித்த தொழில்முறையாளர்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு நிலையான சம்பளம் தர வேண்டும். மணிக்கணக்கில் கூலி கொடுத்தால் பொதுவாக விலக்கு போய்விடும். மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியருக்கு இந்த நிபந்தனை இல்லை. கணினி வல்லுநருக்கு மணிக்கு 27.63 டாலராவது தந்தால் போதும். வருடம் 2 லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய எண்ணெய்க் கிணற்று மேற்பார்வையாளர் ஒருவருக்கு நாள் கணக்கில் கூலி கொடுத்ததால், ஓ.டி. உண்டு என்று 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் அங்கே இருந்தாலும், கோவையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் 'ஒண்ணரை ஷிப்ட்'. அந்த அரை ஷிப்டுக்கும் பல இடங்களில் ஒற்றைக் கூலிதான். டெய்லர் கேட்பதில்லை, கேட்டால் நாளைக்கு வேலை இருக்காதே என்ற பயம்.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இரட்டிப்பைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் பணிப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்கு வெளியே போய்விடுகிறார். கணபதியில் ஃபவுண்டரி சூப்பர்வைசர் ஒருவர் உலைச் சூட்டில் நின்று வாங்குகிற சம்பளத்துக்கு இது மிகக் குறைந்த வரம்பு. உயர்த்தியே ஆக வேண்டும்.

கணக்கு எளிது. மாதம் 26,000 என்றால், 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 1,000, 8-ஆல் வகுத்தால் மணிக்கு 125, ஓ.டி. மணிக்கு 250. நேரத்தை நிரூபிக்க லாகின் பதிவு, டைம்ஷீட், ராத்திரி பத்து மணிக்கு வந்த மெயில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பில் போட்ட மணிக்கணக்கு நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. அதை அவர்களால் மறுக்க முடியாது. முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.