பீடித் தட்டை இறக்கி வைத்த பிள்ளைகள்

"பீடி சுத்தத் தெரியுமா?"

நம் மாவட்டத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் வெகுகாலம் கேட்டுவந்த கேள்வி இது. சோறு பொங்கத் தெரியுமா என்பதற்கு முன்பே இதைக் கேட்ட வீடுகள் உண்டு. கையில் பாஸ்புக் இருக்கிற பெண்ணுக்கு ஒரு மதிப்பு. நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறவள் என்றால் இன்னும் ஒரு படி மேலே. அந்த ஆயிரத்தை எட்டப் பழக்கம் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும். இலையை நனைத்து, தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் போட்டு உருட்டி, நூல் கட்டுவது அம்மா. நுனியை மடக்குவது பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளையின் மடியிலும் தனியாக ஒரு தட்டு ஏறிவிடும். 2011-இல் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்த பெண்களில் சிலர் பீடித் தட்டோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். போராட்டம் என்றாலும் பீடிக்கடைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமே.

இந்தத் தட்டு பெண்பிள்ளையின் படிப்பை எப்படித் தின்கிறது என்பது நம்மைவிட வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வாரம், தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்த சில பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறோம்.

மேற்கு வங்காளத்தில் புருலியா என்றொரு மாவட்டம். ஜார்க்கண்ட் எல்லையை ஒட்டிய வறண்ட பூமி. மழையை நம்பி ஒரு போகம், மற்ற மாதங்களில் வெளியூரில் கூலி, வீட்டில் பீடி. நம் ராதாபுரம் பக்கத்து ஆட்களைக் கொண்டுபோய் அங்கே இறக்கினால் பாஷை மட்டும்தான் புதிதாகத் தெரியும். அந்த மாவட்டத்தில் ஜால்தா பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள் ரேகா காளிந்தி. காளிந்தி என்பது மூங்கில் கூடை முடைகிற டோம் மக்கள் வைத்துக்கொள்ளும் பெயர். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் பீடி சுற்றும் வீடு. ரேகாவும் சுற்றினாள். குழந்தைத் தொழிலாளர்களுக்கான அரசுச் சிறப்புப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு எழுத்து அறிமுகமானது. 1988-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் பள்ளி அது. நம் திருநெல்வேலியிலும் அந்தத் திட்டம் நடந்தது. அதில் படித்தவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம்.

ரேகாவுக்குப் பதினோரு வயது இருக்கும்போது வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தது. அவளுடைய அக்காவுக்கும் ஏறக்குறைய அந்த வயதில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அக்கா பெற்ற பிள்ளை ஒன்றுகூடத் தங்கவில்லை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த தங்கை, எனக்கு வேண்டாம், நான் படிக்கப் போகிறேன் என்றாள். வீட்டில் சோறு போடாமல் தண்டித்தார்கள். அவள் பட்டினி கிடந்தாள், சொன்ன சொல்லை மாற்றவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு பிள்ளை தனியாக "மாட்டேன்" என்றால் எத்தனை நாள் தாங்கும்? இரண்டு நாள் பட்டினி, பாட்டியின் அழுகை, மாமன் வந்து போடும் சத்தம், இவற்றிலேயே முறிந்துவிடும். ரேகா அதைப் பள்ளித் தோழிகளிடம் சொன்னாள். விஷயம் ஆசிரியர் காதுக்குப் போனது, அங்கிருந்து தொழிலாளர் துறை அதிகாரிக்குப் போனது. அவர்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசினார்கள். கல்யாணம் நின்றது. சொல்வதற்கு ஓர் ஆள், அந்த ஆளுக்கு மேலே இன்னோர் ஆள் என்று ஒரு சங்கிலி இருந்தது. அது இல்லாத ஊரில் ரேகாவைவிடத் துணிச்சலான பிள்ளைகள் தாலி கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ரேகா மட்டுமில்லை. அதே மாவட்டத்தில் சுனிதா மகதோ, அஃப்சானா காத்தூன் என்று மேலும் இரண்டு பிள்ளைகள் அதே காலத்தில் தங்கள் கல்யாணத்தை மறுத்தார்கள். பெயர்களைப் பாருங்கள்: ஒரு தலித் வீடு, ஒரு மகதோ வீடு, ஒரு முஸ்லிம் வீடு. குடியிருக்கும் தெருக்கள் வேறு. வறுமை ஒன்று, பள்ளித் திட்டம் ஒன்று. 2009 மே மாதம் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் புருலியாப் பிள்ளைகளை அழைத்துப் பேசினார். 2010 ஜனவரியில் மூவருக்கும் தேசிய வீரதீர விருது கிடைத்தது. பத்திரிகைகள் அந்தப் படத்தைப் போட்டதோடு முடித்துக்கொண்டன. நமக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ரேகா ஊர் ஊராகப் போய், தன்னைப் போலப் பீடி சுற்றும் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் பேசினாள். தன் கல்யாணத்தை நிறுத்தியவள் அடுத்த வீட்டுக் கல்யாணத்தையும் நிறுத்தப் போனாள். புருலியாவில் மறுக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கூடினார்கள்.

ரேகாவின் பெற்றோரை நாம் வில்லன்களாகப் பார்க்கவில்லை. வயது ஏற ஏற வரதட்சணை ஏறும் என்பது அங்கேயும் கணக்கு. நம் குடியிருப்புகளில் அந்தக் கணக்கோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, அது பயம். வயதுக்கு வந்த பிள்ளை ஊர்த்தெரு வழியாக நடந்து பஸ்ஸுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் யார் என்ன சொல்வார்களோ, யாராவது பின்னால் வந்தால் பழி யார் தலையில் விழுமோ, அது கைகலப்பாகி எங்கே போய் முடியுமோ என்று பெற்றவர்கள் நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு நிறுத்தி ஓர் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிற தகப்பனிடம் சட்டப் புத்தகத்தை மட்டும் நீட்டிப் பயனில்லை.

அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த பையன்களே. அண்ணனைக் காக்கக் குறுக்கே போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளிக்குப் போகிற வயதுப் பெண்பிள்ளை அவள். அந்த மாணவர் மறு ஆண்டு பொதுத்தேர்வில் 600-க்கு 469 வாங்கினார், நாடே பாராட்டியது. அரிவாளுக்கு முன்னால் கை நீட்டிய அந்தச் சிறுமியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு, பள்ளிப் பெயரில் சாதி ஆகியவற்றைப் பற்றிய பரிந்துரைகள் எல்லோர் வாயிலும் அடிபட்டன. அதில் இன்னொன்றும் உண்டு: எல்லாச் சமூகப் பிள்ளைகளையும் சேர்த்துப் பள்ளிகளில் 'சமூகநீதி மாணவர் படை' ஒன்றை, சீருடையும் பயிற்சியும் கொடுத்து உருவாக்க வேண்டும் என்பது. நம் பார்வையில் அந்த அறிக்கையின் உயிரான இடம் அதுதான். பிள்ளைகளைக் காக்கப்பட வேண்டியவர்களாக மட்டும் பார்க்காமல், பொறுப்பை அவர்கள் கையில் கொடுக்கச் சொல்கிற பரிந்துரை அது.

பதினான்கு வயதில் என்ன பொறுப்பு என்று கேட்பவர்களுக்கு முக்தா சால்வேயைச் சொல்லலாம். சாவித்திரிபாய் புலே 1848-இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது அவருக்கே வயது 17 தான். புலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா. மாங், மகர் மக்கள் படும் துயரத்தைப் பற்றி 14 வயதில் அவள் எழுதிய கட்டுரை 1855-இல் 'ஞானோதயா' என்ற மராத்தி இதழில் வந்தது. வேதத்தைக் கண்ணால் பார்க்கவும் எங்களுக்கு உரிமை இல்லையென்றால் எங்கள் மதம்தான் எது என்று அவள் அதில் கேட்டாள். தலைக்கு மேல் கூரையில்லாமல், மழையிலும் வெயிலிலும் பிள்ளை பெறும் தன் சாதிப் பெண்களைப் பற்றி எழுதினாள். படியுங்கள் என்று தன் மக்களையே உசுப்பினாள். எழுத்துக் கற்று மூன்றே ஆண்டுகள் ஆன ஒரு பிள்ளை அதைச் செய்தது. 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் பேசியபோது, கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள் என்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய 25,000 பெண்கள்.

நம் பக்கம் வருவோம். கூடங்குளம், வள்ளியூர், நாங்குநேரிப் பக்கத்துக் குடியிருப்புகளில் ('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக 2025-இல் முதலமைச்சர் அறிவித்துவிட்டார், ஊர் வாயிலிருந்து எப்போது போகுமோ தெரியாது) சாயங்காலம் போய்ப் பாருங்கள். கோயில் திண்ணையிலோ சமுதாயக் கூடத்திலோ சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பவள் பெரும்பாலும் பிளஸ் டூ படிக்கிற அக்காதான். 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது தன்னார்வலர்களாகச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கிழவிகளின் முதியோர் பென்ஷன் மனு, தம்பியின் சாதிச் சான்றிதழ், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் 'புதுமைப் பெண்' ஆயிரம் ரூபாய் என்று எல்லாவற்றுக்கும் ஆதார் அட்டையைத் தூக்கிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு அலைவதும் இவர்களே. இதற்குச் சேவை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. "அந்தப் புள்ளகிட்ட கொடு, அது பாத்துக்கிடும்" என்பதோடு சரி.

இந்தப் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டிய விவரங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் நடக்கும் கல்யாணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்துகிறவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நடந்துவிட்டாலும், அந்தப் பெண் 20 வயதாவதற்குள் நீதிமன்றம் போய் ரத்து செய்யலாம். தகவல் சொல்ல 1098, கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். மாவட்டச் சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். குழந்தைத் திருமணத் தடுப்பு அதிகாரி அவர்தான்.

இன்னொன்று. ஒவ்வோர் ஊராட்சியிலும் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் குழந்தைகளின் பிரதிநிதிகளாக இரண்டு பிள்ளைகளுக்கு இடம் உண்டு. புருலியாவில் ரேகாவுக்குத் தோழியும் ஆசிரியரும் அதிகாரியுமாக அமைந்த சங்கிலியை இங்கே கட்ட வேண்டிய இடம் இதுதான். உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் அந்த இரண்டு பிள்ளைகள் யார் என்று கேளுங்கள். பதிவேட்டில் பெயர் இருந்தால், தன் பெயர் அதில் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்றும், குழு கடைசியாக எப்போது கூடியது என்றும், நம் தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளை அதில் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த கிராமசபையில் சொல்ல ஒரு பெயரை இப்போதே எழுதி வையுங்கள்.