கிருமிகளுக்கும் உண்டு 'கோரம்'

புது தில்லி: மக்களவை கூடி நடைபெற மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினராவது அவையில் இருந்தாக வேண்டும். இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையே 'கோரம்' எனப்படுகிறது. மருத்துவமனைகளில் நோயாளிகளைத் தொற்றும் பாக்டீரியாக்களும் ஏறக்குறைய இதே விதிப்படிதான் தாக்குதலில் இறங்குகின்றன. போதிய எண்ணிக்கை சேரும்வரை அடங்கியிருந்து, சேர்ந்தபின் ஒரே நேரத்தில் நச்சுப் பொருள்களைச் சுரக்கின்றன. இந்த இயல்புக்கு 1994-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சூட்டிய பெயரும் 'கோரம் சென்சிங்' என்பதே.

ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறு வேதிப்பொருளைச் சமிக்ஞையாக வெளியிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அதன் அடர்த்தியும் கூடுகிறது. குறிப்பிட்ட அளவை அது தாண்டியதும், நோய் உண்டாக்கும் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அச்சத்துக்குரியதாக விளங்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா, திசுக்களை அரிக்கும் நொதிகளை இவ்வாறே சுரக்கிறது. செயற்கை சுவாசக் குழாயிலும், சிறுநீர் வடிகுழாயிலும் அது படலமாகப் படிவதிலும் இந்தச் சமிக்ஞைக்குப் பங்குண்டு. படலத்துக்குள் புகுந்துகொண்ட கிருமியை மருந்தால் எளிதில் அழிக்க முடிவதில்லை.

புதிய உத்தி: கிருமியைக் கொல்லாமல், அதன் சமிக்ஞையை மட்டும் முடக்கினால் என்ன என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. கொல்லும் மருந்துக்கு எதிராகக் கிருமி விரைவில் எதிர்ப்புத் திறன் பெற்றுவிடுகிறது; நிராயுதபாணியாக்கும் மருந்துக்கு அந்த நெருக்கடி குறைவு என்பது எதிர்பார்ப்பு. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும், தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. எனினும், இவ்வழியில் மருத்துவமனை நோயாளிகளுக்கான மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நாள்பட்ட தொற்றுகளில் சமிக்ஞையை உணரும் மரபணுவை இழந்த கிருமிகளும் தொடர்ந்து தீங்கு விளைவிப்பது ஆய்வாளர்களுக்கு ஒரு சவால்.

பெயரால் எழுந்த சர்ச்சை: ஆகவே, கையிலிருக்கும் மருந்துகளைக் காப்பதே உடனடித் தேவை. ஆனால் இதில் தில்லி காட்டிய முதல் வேகம், பெயரைக் காப்பதில்தான் இருந்தது. தில்லியில் சிகிச்சை பெற்றுச் சென்ற நோயாளி ஒருவரிடம் 2008-ல் ஸ்வீடனில் கண்டறியப்பட்ட மருந்து எதிர்ப்பு நொதிக்குத் தலைநகரின் பெயர் சூட்டப்பட்டது. சென்னை, ஹரியாணா உள்ளிட்ட இடங்களிலும் அது பரவியிருப்பதை 2010-ல் 'லான்செட்' குழும இதழ் வெளியிட்டபோது, மத்திய அரசு கடும் ஆட்சேபம் தெரிவித்தது. பின்னரே கொள்கை வகுக்கப்பட்டது. முக்கிய மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்கும் விதி 2014-ல் அமலுக்கு வந்தது. முதல் தேசிய செயல்திட்டம் 2017-லும், இரண்டாவது திட்டம் 2025 நவம்பரிலும் வெளியாயின.

எல்லையோர ஊரின் நிலை: பொது சுகாதாரம் அரசியல் சட்டப்படி மாநிலப் பொறுப்பு. எனவே தில்லியில் வகுக்கப்படும் திட்டத்தின் பயனை, தலைநகரில் அல்ல, நாகலாபுரம் போன்ற ஊர்களில்தான் அளவிட வேண்டும். ஆந்திர - தமிழக எல்லையோரம் உள்ள இவ்வூர், சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022-ல் பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. உயர் சிகிச்சை தேவைப்பட்டால், ஒரு பக்கம் திருப்பதி, மறுபக்கம் சென்னை. நோயாளி மாநில எல்லையைக் கடக்கும்போது கிருமியும் உடன் கடக்கிறது. எந்தக் கிருமி கண்டறியப்பட்டது, எந்த மருந்து பலிக்கவில்லை என்ற விவரமும் உடன் செல்லாவிட்டால், அடுத்த மருத்துவமனை முதலிலிருந்தே தொடங்க நேரிடும். அதற்குள் விலைமதிப்பற்ற நாள்கள் கழிந்துவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-ல் தொடங்கிய கண்காணிப்பு அமைப்பு, பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளையே சார்ந்துள்ளது. சிறு நகர மருத்துவமனைகளில் நிகழும் தொற்றுகளின் முழு உருவம் அதில் தெரிவதில்லை. கிருமி வளர்ப்புப் பரிசோதனை வசதியும், அதற்கான பணியாளரும் அங்கெல்லாம் சென்று சேராதவரை, அனுமானத்தின் பேரில் மருந்து எழுதுவது தொடரும்.

மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். கை கழுவுதல், தேவை தீர்ந்ததும் குழாய்களை அகற்றுதல் ஆகிய எளிய நடைமுறைகளே கிருமிகளுக்குக் 'கோரம்' சேராமல் தடுக்கும் முதல் அரண். இதற்கு புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. போதிய செவிலியரும், தண்ணீரும், நிதி ஒதுக்கீடுமே தேவை. தன் எண்ணிக்கையை அறிந்தே கிருமி தாக்குகிறது. அதை எதிர்கொள்ளும் அரசுகளும் முதலில் எண்ணத் தொடங்க வேண்டும்.