கம்பெனி பூட்டிய கடலில் புது வழி... 'கேப் ஹார்ன்' பெயர் வந்தது எப்படி?

கடலில் ஒரு வழியை ஒரே ஒரு கம்பெனி தனக்கு மட்டும்னு பூட்டி வைக்க முடியுமா? 400 வருஷத்துக்கு முன்னாடி நெதர்லாந்தில் அதுதான் நடந்தது.

என்ன தடை?

1602-ல் தொடங்கப்பட்டது டச்சு கிழக்கிந்திய கம்பெனி. பின்னாளில் நம்ம பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும் இதே கம்பெனிதான். ஆசியாவுக்குப் போக அப்போது தெரிந்த கடல் வழிகள் இரண்டு. ஒன்று ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை, இன்னொன்று தென் அமெரிக்காவின் மெகல்லன் நீரிணை. மற்ற டச்சு வணிகர்கள் இந்த இரண்டிலும் போகக் கூடாது என்று அரசே கம்பெனிக்கு ஏகபோக உரிமை கொடுத்திருந்தது.

தடையை எப்படித் தாண்டினார்கள்?

கம்பெனியோடு மோதி வெளியேறியவர் வணிகர் ஐசக் லெ மேர். "இரண்டு வழிதானே தடை? மூன்றாவது வழி இருந்தால்?" என்பதுதான் அவர் போட்ட கணக்கு. மகன் ஜேக்கப் லெ மேர், மாலுமி வில்லெம் ஸ்கௌட்டன் தலைமையில் 'ஈந்த்ராக்ட்', 'ஹோர்ன்' என இரண்டு கப்பல்கள் 1615 ஜூனில் புறப்பட்டன.

இன்றைய அர்ஜென்டினா கரையில் முதல் அடி விழுந்தது. கப்பலின் அடியில் படிந்த பாசியை நெருப்பு வைத்து சுத்தம் செய்தபோது, தீ பரவி 'ஹோர்ன்' எரிந்தே போனது. மிஞ்சிய ஒரே கப்பலில் எல்லோரும் தெற்கே போனார்கள். மெகல்லன் நீரிணைக்குத் தெற்கே இருப்பது பெரிய கண்டமாக இருக்கலாம் என்று பலர் நம்பிய காலம் அது. ஆனால் அங்கே திறந்த கடல் இருந்தது!

1616 ஜனவரி 29-ல் அந்த முனையைச் சுற்றினார்கள். பயணத்துக்குப் பணம் போட்ட ஹோர்ன் நகரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதுதான் இன்றைய 'கேப் ஹார்ன்'. முனை கொம்பு போல இருப்பதால் வந்த பெயர் இல்லை.

பரிசு கிடைத்ததா?

இல்லை. பசிபிக்கைக் கடந்து ஜாவா தீவை அடைந்ததும் சிக்கல் வந்தது. புது வழி என்று சொன்னதை கம்பெனி அதிகாரி யான் பீட்டர்ஸோன் கூன் நம்பவில்லை. தடையை மீறியதாகச் சொல்லி கப்பலையும் சரக்கையும் பறிமுதல் செய்தார். ஜேக்கப்பும் ஸ்கௌட்டனும் கம்பெனியின் கப்பலிலேயே ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். வழியிலேயே, 1616 டிசம்பரில் ஜேக்கப் இறந்துபோனார்.

மகனை இழந்த ஐசக் விடவில்லை. கோர்ட்டுக்குப் போய், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு ஜெயித்தார். ஆனால் 1621-ல் தொடங்கிய டச்சு மேற்கிந்திய கம்பெனிக்கு அந்தக் கடல் பகுதியின் உரிமை போய்விட்டது. வழியைக் கண்டுபிடித்த குடும்பத்துக்கு அதில் வியாபாரம் செய்யும் வாய்ப்பு கிடைக்கவே இல்லை.

1914-ல் பனாமா கால்வாய் திறக்கும் வரை, அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைத்த முக்கிய வழிகளில் ஒன்று இது. முனைக்குப் பக்கத்தில் உள்ள நீரிணைக்கு இன்றும் 'லெ மேர்' என்றுதான் பெயர். குடும்பத்துக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான்.