முப்பது வயதில் அ, ஆ: மூளை ஒத்துழைக்குமா?

அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில், ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு தமிழி எழுத்துக் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. அப்படிப்பட்ட புதுச்சேரியில் 2011 கணக்கெடுப்பின்படி, ஏழு வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எழுத்தறிவு இல்லை.

பள்ளியைத் தவறவிட்டவர் பிறகு படிக்க ஏன் திணறுகிறார்? பேச்சு கேட்டாலே வந்துவிடும், வாசிப்பு வராது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் இடது மூளையின் பின்-அடிப்பகுதியில், பழகப் பழகத்தான் எழுத்துக்கு ஓர் இடம் கிடைக்கிறது. காதும் பழக வேண்டும். 'கடல்' என்பதில் 'க்' ஒலியை மட்டும் நீக்கினால் என்ன மிஞ்சும்? 'அடல்'. எழுத்தறியாதவருக்கு இதுபோன்ற கேள்விகள் பெரும் புதிர் என்று 1979இல் போர்ச்சுகலில் மொராயிஸ் என்பவரின் ஆய்வுக் குழு காட்டியது. இதை அறிவுக்குறைவு என்பது அபத்தம். ஒலியைப் பிரித்துப் பார்க்கும் தேவையே அவர்களுக்கு வந்ததில்லை.

வயது கதவைச் சாத்திவிடுவதில்லை. லக்னோவை ஒட்டிய கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்கள் ஆறு மாதம் இந்தி எழுதப் படிக்கக் கற்றதில், மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பே மாறியதை 2017இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. வேகம்தான் சிக்கல். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பெயர்ப்பலகையைப் படித்து முடிக்குமுன் பேருந்து கிளம்பிவிடும். அந்த வேகம் வர, எழுத்தறிவு வகுப்பு முடிந்த பிறகும் தினம் வாசிக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும்.