அலகுச் சோதனைகளின் அமைப்புமுறை: திருப்பூர்ப் பின்னலாடைத் துணியின் எடைக் கணக்கீட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளின் சிறுகூறுகளைத் தனித்தனியே சரிபார்ப்பது அலகுச் சோதனை எனப்படும். அதனை எழுதும் முறையைத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் ஜி.எஸ்.எம். கணக்கீட்டைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சோதனையில் எதிர்பார்க்கப்படும் விடை நிரலுக்கு வெளியிலிருந்து பெறப்பட வேண்டும் என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அலகுச் சோதனை, நிரல், பின்னலாடை, ஜி.எஸ்.எம்., திருப்பூர்

முன்னுரை

ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையே ஜி.எஸ்.எம். ஆகும். வட்டவடிவ ஜி.எஸ்.எம். கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, நிறுத்து, அந்த எடையை 100ஆல் பெருக்குவர். துண்டின் எடை 1.8 கிராம் எனில் ஜி.எஸ்.எம். 180. துணியைக் கட்டிங் மேசைக்கு அனுப்புமுன் இது பார்க்கப்படுகிறது. வெட்டிய துணியை மீண்டும் ரோலாக்க இயலாது. முழுமையை இணைக்குமுன் கூறினைச் சோதிக்கும் இவ்வழக்கமே அலகுச் சோதனையின் அடிப்படையும் ஆகும். 1997இல் கெண்ட் பெக், எரிக் காமா ஆகியோர் உருவாக்கிய ஜேயூனிட், இச்சோதனை முறையை ஜாவா நிரலாளரிடையே பரவலாக்கியது.

மூன்று பகுதிகள்

நல்ல சோதனை ஆயத்தம், செயல், சரிபார்ப்பு என மூன்று பகுதிகளைக் கொண்டது. 1.8 கிராம் என்னும் எடையைத் தருவது ஆயத்தம். கணக்கிடும் செயற்கூறினை ஒருமுறை இயக்குவது செயல். விடை 180தானா எனப் பார்ப்பது சரிபார்ப்பு. ஒரு சோதனை ஒரு விதியை மட்டும் ஆராய வேண்டும். ‘எடை சுழியெனில் பிழை அறிவிக்கப்படும்’ என்பதுபோல் அதன் பெயரே விதியைக் கூறினால், சோதனை தோற்கும்போது குறை எங்குள்ளது என்பது உடனே புலப்படும்.

விடையின் மூலம்

நிரலில் 100க்குப் பதிலாக 10 என்று பிழையாக எழுதப்பட்டதாகக் கொள்வோம். சோதனையும் அதே வாய்பாட்டைப் படியெடுத்திருந்தால் இரண்டும் 18 என ஒத்துப்போகும். பிழை தேர்ச்சி பெற்றுவிடும். ஆகவே கையால் கணக்கிட்ட 180 என்ற எண்ணே சோதனையில் இடம்பெற வேண்டும். இத்தகைய பிழையின் விளைவு சிறிதன்று. ஓர் ஆடைக்கு 0.9 சதுர மீட்டர் துணி தேவையெனில் 10,000 ஆடைகளுக்கு 9,000 சதுர மீட்டர் தேவை. ஜி.எஸ்.எம். 180 என்பது 170 எனக் கணிக்கப்பட்டால் 90 கிலோ துணி குறையும்.

எல்லைகளும் பின்னங்களும்

கொள்முதல் செய்வோர் 5 விழுக்காடு வேறுபாட்டை ஏற்பதாகக் கொண்டால், 180க்குரிய எல்லைகள் 171, 189 ஆகும். இவ்விரண்டும் ஏற்கப்படுவதையும் 170.9, 189.1 ஆகியவை மறுக்கப்படுவதையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். பிழைகள் பெரும்பாலும் எல்லைகளிலேயே தங்குகின்றன. மேலும், இருமப் பின்னங்களைக் கையாளும் பைத்தான் போன்ற மொழிகளில் 1.1ஐ 100ஆல் பெருக்கினால் 110.00000000000001 என விடை வரும். எனவே பின்ன எண்களில் முற்றொப்புமையை எதிர்பாராது, ஏற்கத்தக்க மிகச் சிறு வேறுபாட்டை வரையறுத்துச் சரிபார்க்க வேண்டும்.

தற்சார்பு

ஒரு சோதனையின் முடிவு மற்றொன்றைச் சார்ந்திருத்தல் கூடாது. எவ்வரிசையில் இயக்கினும் முடிவு மாறாதிருக்க வேண்டும். எடைக்கருவியிலிருந்து நேரடியாக எண்ணைப் பெறும் நிரலாயின், சோதனையின்போது அக்கருவிக்கு ஈடாகக் குறித்த எண்ணைத் தரும் பதிலி ஒன்றை அமைக்கலாம். கருவியின் பழுதும் நிரலின் பிழையும் ஒன்றோடொன்று குழம்புவதை இது தவிர்க்கும்.

முடிவுரை

எடை சரியாக இருந்தும் சாயத்தின் நிறம் மாறுபட்ட துணி திருப்பி அனுப்பப்படலாம். அதுபோல, அலகுச் சோதனைகள் அனைத்திலும் தேர்ந்த மென்பொருள் கூறுகள் இணையும் இடத்தில் பிழைபடலாம். அதற்கு ஒருங்கிணைப்புச் சோதனை தேவை. எனினும், கூறுகள் முன்னரே தனித்துச் சரிபார்க்கப்பட்டிருப்பின் பிழையைத் தேடும் பரப்பு வெகுவாகச் சுருங்கும். விதியைப் பெயராகவும், கையால் கண்ட விடையை அளவுகோலாகவும் கொண்ட சோதனையே அப்பயனைத் தரும் என்பது இதனால் தெளிவாகிறது.