பாய்வுக் கலத்தின் காப்புரிமைத் தகுதி

மின்முனைக் கவர்ச்சிப் பாய்வுக் கலம் என்பது நீர்மத்தில் மிதக்கும் மின்னேற்றத் துகள்கள் மின்புலத்தில் நகரும் வேகத்தை அளக்க உதவும் ஆய்வகக் கருவி ஆகும். மாதிரி நீர்மம் இதனூடே செலுத்தப்படுகிறது. இந்தியாவில் இதன் காப்புரிமைத் தகுதியைக் காப்புரிமைச் சட்டம், 1970 தீர்மானிக்கிறது.

தொழில்நுட்பச் சிக்கல்

கலத்தின் சுவரும் மின்னேற்றம் உடையது. எனவே மூடிய கலத்தில் நீர்மம் சுவரோரம் ஒரு திசையிலும் நடுவில் எதிர்த்திசையிலும் ஓடும். உருளைக் கலத்தில் மையத்திலிருந்து ஆரத்தின் 0.707 மடங்குத் தொலைவில் மட்டுமே நீர்மம் அசைவற்றிருக்கும்; துகளின் உண்மை வேகத்தை அங்கேயே அளக்க இயலும். மின்முனைகளில் தோன்றும் குமிழ்களும் வெப்பமும் அளவீட்டைக் குலைக்கும்.

தகுதி

புதுமை, புத்தாக்கப் படி, தொழிற்பயன் ஆகிய மூன்றும் தேவை. வெள்ளக் காலத்தில் கலங்கிவரும் குற்றால அருவி நீரின் களிமண் துகள்களைப் பழைய கலத்தில் அளப்பது கண்டுபிடிப்பு ஆகாது. அறியப்பட்ட கருவியின் வெறும் பயன்பாட்டைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விலக்குகிறது. தனித்தனியே இயங்கும் பழைய உறுப்புகளை அடுக்கி வைப்பதும் அவ்வாறே. உறுப்புகள் இணைந்து செயற்பட்டு மேற்கூறிய சிக்கலொன்றை வெளிப்படையற்ற வழியில் தீர்த்தால் தகுதி உண்டு. பாத்திரம் கடையும் கருவி பற்றிய வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், பட்டறை அளவிலான சிறு மேம்பாடு போதாது என்றது.

விண்ணப்பம்

தென்காசி மாவட்டத்தினர் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குமுன் ஆய்விதழில் வெளியிட்டால் புதுமை இழக்கப்படலாம். அறிஞர் கழகத்தில் கட்டுரை வாசித்தோருக்கு மட்டும் 12 மாத விலக்கு போன்ற சில விதிவிலக்குகள் உள்ளன. காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும்.